மெலாஹத் அம்மாவின் குளிர்

என் வீட்டுக்காரர் யாகூப் அவர்களுக்கு, அங்காராவிலிருந்து ஜெவ்ரியே எழுதுவது. நான் நலம். கார்ஸில் பனி கொட்டுகிறதாமே, உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. நான் பார்த்துக்கொள்ளும் மெலாஹத் அம்மா ஒரு வாரமாகக் குளிரில் நடுங்கினார். வீட்டுச் சூட்டை அளந்து, வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஓட்டுகிற சின்னப் பெட்டியோ இருபத்தாறு காட்டியது. மகன் செர்வெத் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டே, "வீடு கதகதன்னுதானே இருக்கு? அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது. முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன்" என்றார்.

நேற்று அம்மாவின் பாதங்களைத் தேய்த்துவிட்டேன். ஐஸ்கட்டி போல இருந்தன. சுவரோரச் சூட்டுக் குழாய்களைத் தொட்டால் அவையும் சில்லென்றிருந்தன. அப்புறம்தான் பார்த்தேன், அந்தப் பெட்டி அடுப்படியில் நாளெல்லாம் கொதிக்கும் டீக் கெட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது! கெட்டில் சூட்டை வீட்டுச் சூடென்று நம்பி, பாய்லரை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தூசி துடைத்தபோது அதை அங்கே வைத்தவள் நான்தான்.

உடனே அதைக் கூடத்தில் வைத்தேன். மதியத்துக்குள் அம்மா சால்வையைக் கழற்றிவிட்டார். என் தப்பைச் சொன்னேன், திட்டுவார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்து அழுதார். "அடிப் பாவி! எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்டி."

விஷயம் தெரிந்ததும் செர்வெத், முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாமென்றார்.

பஸ்ஸில் யாராவது வந்தால் எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உங்கள் பழைய ஜோடியே போதும். அம்மா கூப்பிடுகிறார். ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த பாட்டி இதைக் கண்டுபிடித்தாள் என்று நம் பேத்தியிடம் சொல்லுங்கள், பெட்டியை அங்கே வைத்தது யாரென்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஜெவ்ரியே