நாலுகால் பின்னல்

ஷார்ஜாவில் இருக்கும் பேரன் அழகுபாண்டிக்கு அவனியாபுரம் அப்பத்தா எழுதுவது.

முடி வைத்தியத்துக்குப் போன அன்றைக்குத் திருநகர் ஆஸ்பத்திரியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருத்தரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான், உன் தங்கச்சி சத்யப்ரியா, உன் அத்தை முத்துத்தாய், டாக்டரம்மா மைத்ரேயி, நர்ஸ் தமிழ்வாணி. வேறு யாரும் இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் சத்யா என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அதனால்தான் கடுதாசி. அங்கிருந்து லீவில் வந்திருக்கும் கருப்பு மகன் திரும்பும்போது கொண்டுவந்து தருவான்.

அவளுக்கு நெற்றியோரமும் காதோரமும் முடி கொட்டித் தோல் தெரிகிறது. எல்லாம் பின்னலோடு சேர்த்துக் கட்டுகிற ஒரு சவுரியால் வந்தது. உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது சிக்குப் பிடித்ததென்று முடியை வெட்டினார்கள். அவள் போனபிறகு, ஆற்றில் விட்டுவிடு என்று உன் அத்தை கையில் கொடுத்தேன். செத்தவள் முடியை வீட்டில் வைக்கிற வழக்கம் நமக்கு உண்டா? முத்துத்தாய் அதை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கொடுத்துச் சவுரியாக்கி, பீரோவில் பூட்டியே வைத்திருந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று சத்யா தலையில் கட்டிவிட்டாள். இம்புட்டு முடியா என்று மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து பிள்ளை அதைப் படுக்கும்போதும் கழற்றுவதில்லை.

பாரம் இழுத்து இழுத்துத்தான் வேர் கழன்றுபோகிறது என்று டாக்டரம்மா சொன்னார். தடவுகிற மருந்து எழுதினார். கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு மாத்திரை வேண்டாம், முடி நடுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் சொந்த ரத்தத்தை எடுத்தே ஊசி போடுவோம், எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றார். இழுவை நிற்காவிட்டால் எந்த வைத்தியமும் பலிக்காது, வேர் செத்த இடம் வழவழவென்று ஆகிவிடும் என்றும் சொன்னார்.

கையில் எடுத்த ரத்தத்தைக் குழாயில் அடைத்து மெஷினில் சுற்றவிட்டார்கள். நின்றபோது சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. மஞ்சத்தண்ணி ஊத்த இம்புட்டு மெஷினா ஆத்தா என்று முத்துத்தாய் கேலி பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைத் தலையெல்லாம் ஊசியால் குத்தி ஏற்றினார்கள். பின்னக் கூடாது, விரித்தே விடுங்கள் என்று சொல்லி, நர்ஸ் சவுரியைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தாள்.

ஆட்டோவில் சத்யா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முத்துத்தாய் முன்னால் டிரைவர் பக்கம். வீட்டு வாசலில் இறங்கும்போது, விரித்துவிட்டிருந்த அவள் தலையில் என் கைக்குப் பின்னல் தட்டியது. சொந்த முடிதான், எலிவால் கனம். நாலுகால் பின்னல். நம் வீட்டில் எல்லாரும் மூன்று கால்தான். நாலுகால் உன் அம்மா ஊர் வழக்கம், அதை யாரும் தன் முதுகுக்குப் பின்னால் தானே போட முடியாது. ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. யாரடி பின்னியது என்று கேட்டேன். அம்மாதான் அப்பத்தா, அவுக்காதீக என்றாள். தவழ்கிற வயசில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. பைக்குள் சவுரி காகிதத்தில் சுற்றியபடியே இருந்தது.

சவுரியை வைகையில் விட்டாகிவிட்டது. பின்னுவது நிற்கவில்லை. நான் அவிழ்க்கிறேன், அடுப்படிக்குப் போய் வருவதற்குள் பின்னியிருக்கிறது. உனக்குக் கண் மங்கிருச்சு ஆத்தா என்கிறான் உன் அப்பன். யார் பாட்டி இப்படி இறுக்கிப் பின்னிவிடறது என்று மறுபடி போனபோது டாக்டரம்மா திட்டினார். ஆவணியில் கல்யாணம். முடி போனால் போகட்டும். பிள்ளை இப்போது சோறு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும் என்கிறாள்.

நீ லீவு போட்டு வா சாமி. சின்ன வயசில் உன் அம்மா உனக்குத் தலை சீவும்போது விடும்மா என்று நீ சொன்னால் அவள் விட்டுவிடுவாள். வேறு யார் பேச்சையும் கேட்டவள் இல்லை. வந்து தங்கச்சி பின்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள். நம் அய்யனார் உனக்குத் துணை இருப்பார். முத்துத்தாய் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பிள்ளை மேல் இருந்த ஆசையில் செய்தாள். பெற்ற பிள்ளையைத் தூக்கி வளர்க்கக் கொடுத்துவைக்காமல் போனாளே என்று இத்தனை வருசம் ஒருத்திக்காக அழுதேன். இனி அழ மாட்டேன். உன் அம்மா பாண்டிமீனாவை நான் மன்னிக்க மாட்டேன்.