தம்பியின் வளவில் வந்த பானை ஓடுகள்

ஆவணி, செவ்வாய்க்கிழமை. நெடுந்தீவு.

நாள் முழுக்க நடந்த கால் உளைகிறது. ஆனாலும் நித்திரை வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆய்வாளர் இருவருக்கும் பழைய இடங்களைக் காட்ட நான்தான் போனேன். பாடசாலையில் வரலாறு படிப்பிப்பதால் என்னைத்தான் கேட்டார்கள். ஒல்லாந்தர் கோட்டை, வெடியரசன் கோட்டை எல்லாம் பார்த்தோம். மேற்குக் கரையில், இருவரில் மூத்த அம்மா கறுப்பும் சிவப்புமான பானை ஓடொன்றை மணலிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

"ரீச்சர், இப்பிடி ஓடு வேறெங்கையும் கண்டனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

தம்பி தன் வளவில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய கிடங்கில், போன கிழமை இதேபோல ஒரு பனையோலைக் கடகம் நிறைய வந்தது.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் ஆராய்ச்சிக்கெண்டு வளவை மறிச்சுப்போடுவாங்கள். பிறகு வீடு கட்ட ஏலாது" என்றான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். இருவரும் என் வீட்டில் ஒரே அறைக்குள் இருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் பின்னேரப் படகில் போய்விடுவார்கள் என்று நம்பியிருந்தேன். காற்றினால் படகு ஓடவில்லை.

"நல்லதாப் போச்சு. நாளைக்குத் தெற்குப் பக்கமும் நடப்பம்" என்றார் அந்த அம்மா. தம்பியின் வளவு அங்கேதான்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பி கிடங்கை மூட எழும்பினான். பழைய பொருள்களைக் காக்கவேண்டும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிற நான் அவனை மறிக்கவில்லை. குசினிப் பக்கம் கிடந்த மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பொழுதுபடத் திரும்பி வந்தான்.

"மூடியாச்சு அக்கா. இனிப் பயப்பிடாமல் கூட்டிக்கொண்டு போங்கோ."

நாளைக்கு அந்தப் புது மண்ணுக்கு மேலாலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.