சாக்பீஸ் அம்புகள்

அன்பு மகளுக்கு,

நீ வீட்டை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். உன் தோழி என்னை மலைக்குக் கூட்டிப்போய், நீங்கள் இருவரும் அடிக்கடி நுழைந்து சுற்றிப் பார்க்கும் அந்தக் கைவிடப்பட்ட சுரங்கத்தைக் காட்டினாள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தவழ்ந்தேன். சிரிக்காதே.

சுவர் நெடுக நீ சாக்பீஸால் போட்ட அம்புகள்.

"உள்ளே போற வழியா?" என்றேன்.

"இல்லப்பா, வெளியே வர்ற வழி. அவ எப்பவும் வாசல் பக்கமாத்தான் போடுவா" என்றாள் உன் தோழி.

இருட்டுக்குள் போகும்போதே திரும்பி வருவதை யோசித்திருக்கிறாய். கெட்டிக்காரி!

போன வாரம் நம் தெருமுனைச் சுவரில் நானும் சாக்பீஸால் ஒரு அம்பு போட்டேன். "வயசான காலத்துல சுவரைக் கிறுக்கறீங்களே!" என்று உன் அம்மா திட்டினாள்.

மழையில் அது அழிந்துவிட்டது. இன்று காலை அவளே மறுபடி வரைந்திருக்கிறாள், பெயின்ட்டால், நம் வீட்டைப் பார்த்து.

உன் அப்பா