ஓரம் பார்க்காமல் பூசியது

என்னங்க,

இங்கே புனேயில் நலம். தறியில் உட்கார்ந்து வந்த உங்கள் இடுப்புவலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த வாரம் வீடியோ காலை நான் எடுக்கவில்லை என்று கோபப்பட்டிருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. நாளெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்டி, முகம் அசதி தட்டிப் போயிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொஞ்சம் தெளிவாக இருக்கட்டுமே என்று, ஆன்லைனில் ஃபேஷியல் பீல் என்று ஒரு முகப்பூச்சு வாங்கி நானே பூசினேன். முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை. கன்னம் சிவந்து, தோல் உரிந்துவிட்டது.

கடையில் உடன் வேலை செய்யும் சந்தியா, நம் காஞ்சிபுரத்துப் பெண், சும்மா விடுவாளா?

"ஈரத்துணியால ஓரத்தைத் தேச்சி, சாயம் போவுதான்னு பாக்காம நீ ஒரு சேலை வாங்குவியாக்கா? உன் மூஞ்சின்னா மட்டும் இளக்காரமா?"

சிரித்தேன். சிரித்தால் எரிகிறது.

டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். தழும்பு விழாதாம், வெயிலில் மட்டும் போகக்கூடாதாம்.

கடைக்கு நீங்கள் நெய்து அனுப்பும் அடுத்த சேலைக் கட்டோடு உங்கள் பழைய வேட்டி ஒன்றை வைத்து அனுப்புங்கள். புனேயில் வாங்கிய துண்டெல்லாம் முகத்தில் அறுக்கிறது. துவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை.

விற்காமல் திரும்பி வரும் சேலைகளோடு இந்தக் கடிதத்தையும் வைத்துக் கட்டுகிறேன். கூரியர்காரர் அவசரப்படுத்துகிறார். பொங்கலுக்கு வருவேன். சாயம் போன சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தையல்நாயகி