கரைக்குப் போன பாய்கள்

அன்புள்ள கினுவே அக்காவுக்கு,

மிட்சுயோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஒசாகாவில் மகன் வீட்டில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

புயலில் ஆறு கரையின் விளிம்புவரை வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆறு கண்ணுக்கு மறையக்கூடாது என்று கரைமேல் மதில் எழுப்பாமல், வெள்ளத்தின்போது வீட்டுத் தரையில் பதித்திருக்கும் தடித்த தாதாமிப் பாய்களைச் செருகக் கான்கிரீட் சட்டம் மட்டும் வைத்தார்களே, அதற்கு அன்று வேலை வந்தது. ஒத்திகையில் எப்போதும் கோயில் மண்டபத்துப் பழைய பாய்களையே செருகிப் பழகியவர்கள் நாம். எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது போட்ட பாய்கள் குட்டை என்பது அன்றுதான் தெரிந்தது. தெரு முழுக்க இதே கதை. எதைச் செருகினாலும் ஒரு சாண் சந்து.

கோயில் பாய்கள் போக ஆறு சட்டங்கள் காலியாக நின்றன; பழைய அளவுப் பாய் உங்கள் வீட்டில்தான் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் கொடுத்த சாவி என் கையில். போன் கிடைக்கவில்லை. நான் தயங்கி நிற்க, என் வீட்டுக்காரர் இசாமு, "அக்கா திட்டுனா நான் வாங்கிக்கிறேன். ஆறு உள்ள வந்தா யாருடி வாங்குறது? தெற" என்றார்.

உங்கள் அறையின் ஆறு பாய்களையும் பெயர்த்துவிட்டோம். உங்கள் வீட்டுக்காரர் செய்ஜி அண்ணன் இருந்த காலத்தில் சிகரெட்டால் பொசுக்க, நீங்கள் மெத்தை போட்டு மறைத்து வைத்திருந்த பாயும் போனது. இசாமு அதைப் பார்த்து, "அண்ணனும் வந்துட்டாரு, இனி பயமில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய்கள் தண்ணீரைக் குடித்து ஊதி, சட்டத்தில் இறுகிக்கொண்டன. ஆறு அவற்றின் பாதி உயரம் ஏறி, அப்படியே இறங்கியது. தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் புகவில்லை. இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அக்கா.

நனைந்த பாய்கள் எதற்கும் உதவாமல் போய்விட்டன. பொசுங்கிய பாயை மட்டும் எறிய மனம் வராமல் எங்கள் மாடியில் காயப்போட்டிருக்கிறேன். தெருவே சேர்ந்து உங்கள் அறைக்குப் பழைய அளவிலேயே புதுப் பாய் நெய்யச் சொல்லி, நேற்றுப் போட்டாயிற்று. உள்ளே போனால் பச்சைக் கோரை வாசம்.

வீட்டை இடித்து மனையை விற்கப்போவதாக உங்கள் மகன் சொன்னார். அது உங்கள் குடும்ப விஷயம், நான் பேசக்கூடாது. ஆனால் புதுப் பாயில் இன்னும் யாரும் கால் வைக்கவில்லை. முதலில் நீங்கள்தான் படுக்க வேண்டும் என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு ராத்திரியாவது வந்து படுங்கள், அக்கா. அப்புறம் முடிவு செய்யுங்கள்.

உங்கள் உடம்பு நன்றாயிருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
பக்கத்து வீட்டு மிட்சுயோ