கோதுமை லாரி

மார்ச் 16, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அரிசி ஊறவைக்க. கேஸ் புக் பண்ண.

இவரிடமிருந்து இன்றும் போன் இல்லை. ராய்ப்பூர் பக்கம் ஏதோ காட்டில் போர்வெல் போடுகிறார்கள், ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. வாட்ஸப்பில் மட்டும், "நல்லா இருக்கேன். டவர் இல்ல." டவர் இல்லாத ஆளுக்கு விளையாட்டு மட்டும் எப்படி ஓடுகிறது?

இரண்டாம் உலகப் போர் விளையாட்டு. பிரிந்திருக்கிற நேரத்துக்கு ஆகட்டும் என்று அவரே என் செல்லில் ஏற்றிக் கொடுத்தது. அவர் கோட்டைக்குப் பக்கத்திலேயே என் கோட்டை. தினமும் அங்கிருந்து லாரி வரும், பெட்ரோலோடு. என் டாங்கிகள் எப்போதும் காய்ந்து கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது சில நாளாகக் கோதுமை. மூட்டை மூட்டையாக. நான் கேட்டேனா?

மார்ச் 17, செவ்வாய்
தூக்கம் சரியில்லை. ஆபீசில் ஒரே பில்லை இரண்டு தடவை அடித்து, திட்டு.

வீட்டுக்குள் நுழையும்போதே அத்தை: "ஏஞ்சாமி, அவன் கூப்புட்டானா?"
"வேலை ஜாஸ்தியாமுங்க அத்தை."
அவருக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிச்சல். இன்றும் கோதுமை.

மார்ச் 18, புதன். அமாவாசை
காக்காய்க்குச் சோறு. வாசலில் பூசணிக்காய்.

அமாவாசைக்கு ரிக் ஓடாது. வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பூஜை போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் பேசுகிற நாள். கல்யாணமானதிலிருந்து ஒரு அமாவாசைகூட இவர் பேசாமல் இருந்ததில்லை. செல்லும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆச்சு. போன் வரவில்லை, கோதுமை வந்தது.

சரி. விளையாட்டில் எங்கள் கூட்டணியிலிருந்து விலகிக்கொண்டேன். மிச்சமிருந்த பெட்ரோலை ஊற்றி மொத்த டாங்கியையும் அவர் கோட்டைப் பக்கம் திருப்பிவிட்டேன். எரியட்டும். எரிந்தாலாவது கூப்பிடுவார்.

சாயங்காலம் அவர் நம்பரிலிருந்து போன். குரல் வேறு. ரிக்கில் சமைக்கிற மாரியப்பன்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"
"அண்ணன் எங்க?"
"ஆஸ்பத்திரில இருக்காருங்க. ராடு கையில உழுந்திருச்சு. வலது கைங்க. பேசுனா கொரல்லயே கண்டுபுடிச்சிருவா, எனக்குப் பதிலா நீயே கேம் ஆடிட்டிரு, தெனமும் அவளுக்கு என்னமாச்சும் அனுப்பிவுடுன்னாருங்க."

என்னமாச்சும். சமையல் பார்க்கிற ஆளுக்கு வேறென்ன தோன்றும், சாப்பாட்டுக்குக் கோதுமை அனுப்பியிருக்கிறான். டாங்கிகளைத் திரும்பக் கூப்பிடப் போனால் கோட்டை முக்கால்வாசி போயிருந்தது.

மார்ச் 19, வியாழன்
லீவு சொல்லியாச்சு. பழைய வேட்டி, சீப்பு, சார்ஜர், அரைக்கை சட்டை.

அத்தையிடம் சொன்னேன். அழவில்லை. "நீ போ சாமி, ஊட்டை நான் பாத்துக்கறேன்" என்று பையில் முறுக்கை அடைத்துக்கொண்டே இருந்தார்.

சேலம் ஸ்டேஷன். ஒரே கூட்டம். வீடியோ கால் போட்டேன். மாரியப்பன் செல்லை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டான் போல, அவரே எடுத்தார். முகம் வற்றியிருந்தது.
"என்ர கோட்டையவே எரிச்சுப்போட்டியே சாமி" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.
"வலது கையக் காட்டுங்க."
"என்ன? கேக்கல. டவர் போயிருச்சு."

அவர் தலைக்குப் பின்னால் ஃபேனில் படிந்திருக்கிற தூசிகூடத் தெளிவாகத் தெரிந்தது. "சரிங்க" என்று வைத்துவிட்டேன். ரயில் வருகிறது.