ஆர்மோனியத்துக்காகத் திறந்த கதவு

இன்று பிற்பகல் காற்று சட்டென்று நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து என் அண்ணன் கத்தினார். "காத்து அடங்கிருச்சு, சடையனை அனுப்பு கண்ணு. மிளகுக் கொடியெல்லாம் சாஞ்சு கெடக்கும்." தோட்டம் அண்ணனுடையது, கொடிகளைப் பார்த்துக்கொள்பவர் சடையர். காற்று நின்றால் கதவைத் திறந்துகொண்டு காட்டுக்கு ஓடுவதுதான் இந்த மலையின் வழக்கம். காற்றுக்கு என் வீட்டில் ஒதுங்கியிருந்த சடையரின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. "திறக்காதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். உடனே உன்மேல் கோபம் வந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் வருகிறது.

துறையூர்க்காரியான நீயும் நானும் சென்னையில் ஒன்றாகப் படித்தோம். பட்டம் வாங்கி நான் மலைக்கு வந்தேன்; நீ இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் பூகோளம் கற்பிக்கப் போனாய். ஒரு சித்திரை விடுமுறையில் இங்கே வந்து, பாயில் காய்ந்த மிளகை விரலால் நகர்த்தித் தீவு செய்தாய்.

"இந்த மாசத்துப் புயலெல்லாம் பெரும்பாலும் வடக்கே வங்காளத்துப் பக்கம் போயிரும். ஆடியில மேக்கால காத்து, வறட்டுக் காத்து. கார்த்திகை, மார்கழிதான் எங்களுக்கு. அப்ப உருவாகறது நேரா ஊட்டுக்கே வரும்."

"புயலுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியுமா புள்ள?" என்றேன். எதையும் எளிதில் நம்பாதவள் நான்.

"உன்னைவிட நல்லாத் தெரியும். காத்து திடீர்னு நின்னா மட்டும் நம்பாதே. அது புயலோட நடு. கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும்."

சடையர் சிரித்துவிட்டார். "இந்த அம்மணி கடலைத் தூக்கியாந்து மலைமேல வெக்கிறாங்க."

கார்த்திகையில் பள்ளியை மூடச் சொல்லி ஆண்டுதோறும் மேலாளரிடம் கேட்டாய். பரிசளிப்பு விழா அந்த மாதம்தான் என்பது அவர் பதில். "விழாவை மாத்தலாம், காத்தை மாத்த முடியாதுங்கன்னேன். மொறைச்சாரு" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், உன்னோடு வேலை பார்த்தவர் கப்பலேறி ஊர் திரும்பியபோது சொன்னதுதான். விடுதியில் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். காற்று நின்றது. வெளியே ஓடப் பார்த்த பிள்ளைகளைத் தடுத்தாய். அப்போது மேலாளர் தம் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். விழா மண்டபத்தில் ஆர்மோனியம் நனைகிறது, போய் எடுத்து வைக்க வேண்டும். நீ "சரிங்க" என்றாய். போனாய். எதிர்க்காற்று மண்டபத்தின் கூரையை உன்மேல் இறக்கியது.

மேடைக்கடியில் நீ தள்ளி வைத்த ஆர்மோனியத்துக்கு ஒரு கீறலும் இல்லையாம். உன் இரங்கல் கூட்டத்தில் அதைத்தான் வாசித்தார்களாம். "விதி" என்று மேலாளர் பேசினாராம். வருஷா வருஷம் அதே மாதத்தில் வருவதற்கு, நீ வாய் வலிக்கச் சொன்னதற்கு, விதி என்றா பெயர்?

அவரை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான். தெரியாமல் போயிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நீ தெரிந்தே போனாய். எல்லோரோடும் வாதாடியவள், அந்த ஒரு தடவை ஏன் வாயை மூடினாய்? பெரிய மனிதர் ஒருவர் ஏவினால் துறையூர்ப் பக்கத்துப் பெண்கள் வாயில் தானாக வரும் அந்தச் "சரிங்க" கடல் தாண்டியுமா கூட வர வேண்டும்?

அந்தப் புயல் வலுவிழந்து இங்கேயும் வந்தது. கொடிகளுக்கு நல்ல மழை என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். செய்தி பிறகுதான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

இதற்குள் அண்ணன் குடையோடு வாசலுக்கே வந்துவிட்டார். "எத்தனை தடவ சொல்றது? கதவைத் தொற. அவனை அனுப்பு."

"முடியாதுங்கண்ணா."

"மலையில எங்க கண்ணு எதிர்க்காத்து?"

வராது. எனக்கும் தெரியும். புயல் இங்கே வந்து சேர்வதற்குள் அதற்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. சடையர் சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

"முடியாது." அன்று மேலாளரிடம் நீ சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. உனக்குப் பதிலாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்குத் தேவையே இல்லாத ஒரு மலையில்.